வலிய வண்டியும் மெல்லிய கம்பியும்

அமெரிக்க நாட்டில் 1960-களில் தோன்றி, 1970-களின் முற்பகுதியிலேயே பெரும்பாலும் மறைந்துபோன ஒருவகை மோட்டார் வண்டிக்கு 'மஸில் கார்' என்று பெயர். மஸில் என்றால் தசை. மல்லனுடைய புஜத்தைப்போல வலிமை திரண்ட வண்டி என்பது அப்பெயரின் கருத்து. பெரிய வண்டிக்கென்று செய்யப்பட்ட எட்டு சிலிண்டர் எஞ்சினை நடுத்தர அளவுள்ள வண்டியில் பொருத்தி, சாதாரணக் குடும்பத்து இளைஞனும் வாங்கக்கூடிய விலையில் விற்றார்கள். 1964-ஆம் ஆண்டில் வெளிவந்த பான்டியாக் ஜி.டி.ஓ. என்னும் வண்டியை இவ்வகைக்கு வழிகாட்டி என்று பலரும் கொள்வர். ஷெவர்லே ஷெவெல், டாட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோடு ரன்னர் முதலியவை அதனோடு போட்டியிட்டன. காற்று மாசினைத் தடுக்க வந்த சட்டங்களும், உயர்ந்துகொண்டே போன இன்ஷூரன்ஸ் கட்டணமும், 1973-ஆம் ஆண்டில் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அந்தக் காலத்தை முடித்துவைத்தன.

இவ்வண்டிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே பேசுவார்கள். கார்புரேட்டர் எத்தனை, குதிரைத் திறன் எவ்வளவு, கால் மைல் தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கும் என்பனவே அவர்கள் பேச்சு. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அவ்வண்டியின் உள்ளே ஒருவர் கண்ணிலும் படாமல் ஓடுகின்ற செம்புக் கம்பிகளைப் பற்றியது. அரை நூற்றாண்டுக்கு மேல் துருவுக்கும் விபத்துக்கும் தப்பிவந்த ஒரு வண்டியைப் பத்தே நிமிஷத்தில் சாம்பலாக்கும் ஆற்றல் எஞ்சினைவிட இந்தக் கம்பிகளுக்கே மிகுதியாக உண்டு. ஆகவே அவற்றைப் பழுது பார்ப்பது எவ்வாறு, இக்காலத் தேவைக்கேற்பத் திருத்தியமைப்பது எவ்வாறு என்பதை அறிவது வண்டியைக் காப்பதற்கு முதற்படியாகும்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1970-ஆம் ஆண்டு ஷெவெல் வண்டிகளுள் மிக வலிய எஞ்சினுக்கு 450 குதிரைத் திறன் என்று தொழிற்சாலை குறித்தது. அக்காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் சாதாரணமாகப் பொருத்தப்பட்ட ஆல்டர்னேட்டரோ 37 ஆம்பியர் மின்சாரம் தருவது. மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 518 வாட். ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். அஃதாவது, நூற்றுக்கணக்கான குதிரைகளின் வலிமையைச் சுமந்த அந்த வண்டிக்குள், மின்சாரமாக ஓடியது முக்கால் குதிரையின் வலிமைகூட அன்று. வண்டியைத் திட்டமிட்ட பொறியாளர்கள் அதற்குத் தக்கவாறுதான் கம்பியின் பருமனை நிர்ணயித்தார்கள். ஹெட்லைட்டு, பின்விளக்கு, ஹாரன், கண்ணாடி துடைப்பான், ஒரு சிறு ரேடியோ, உஷ்ணக்காற்று வீசும் சிறு விசிறி, இவ்வளவே அன்றைய சுமை. அதற்கு அந்தக் கம்பி போதுமானது. அவர்கள் செய்தது குறையான வேலை அன்று. வேறொரு காலத்துக்குச் செய்த வேலை.

இன்று அதே வண்டியில் நாம் எவற்றையெல்லாம் ஏற்றுகிறோம்? எஞ்சின் கொதித்துவிடாதிருக்க மின்சார விசிறி வைக்கிறோம். அது மட்டும் 20 முதல் 30 ஆம்பியர் இழுக்கும். சுழலத் தொடங்கும் கணத்தில் அதனினும் மிகுதியாக இழுக்கும். மின்சாரப் பெட்ரோல் பம்பு வைக்கிறோம். எலெக்ட்ரானிக் இக்னிஷன், பெரிய ஒலிபெருக்கி, குளிர்சாதனம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம். மொத்தம் 60, 70 ஆம்பியரைத் தொட்டுவிடுகிறது. இவ்வளவையும் முப்பது ஆம்பியருக்கென்று இழுத்த பழைய கம்பியின் தலையில் சுமத்துவது, ஒற்றையடிப் பாலத்தில் பார வண்டியை ஓட்டுவது போன்றதாகும்.

மின்சாரம் கம்பியில் ஓடும்போது சிறிது வெப்பம் உண்டாகும் என்பதை நேயர்கள் அறிவார்கள். அவ்வெப்பம் எந்த அளவில் வளர்கிறது என்பதில்தான் அபாயம் அடங்கியிருக்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மும்மடங்கானால் ஒன்பது மடங்காகிறது. ஓர் எடுத்துக்காட்டு சொல்லுகிறேன். கம்பிகள் இணையும் கனெக்டர் ஒன்றில் பச்சைக் களிம்பு ஏறி, அங்கே ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை உண்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய தடைதான். அதன் வழியே 30 ஆம்பியர் ஓடினால், அந்த நகக்கண் அளவு இடத்தில் 45 வாட் வெப்பம் பிறக்கிறது. ரேடியோ ரிப்பேர் செய்பவர் ஈயம் உருக்கப் பயன்படுத்தும் சூட்டுக்கோலின் வெப்பம் அவ்வளவுதான். 60 ஆம்பியர் ஓடினால் 180 வாட். பிளாஸ்டிக்கினால் ஆன கனெக்டரின் நடுவே இப்படிப்பட்ட சூட்டுக்கோல்களை வைத்துவிட்டு நாம் ஊர்வலம் போகிறோம்.

தீ பிடிக்காவிட்டாலும் இழப்பு உண்டு. கம்பியிலும் இணைப்பிலும் மின்னழுத்தம் வீணாகிறது. ஹெட்லைட்டுக்குச் செல்லவேண்டிய மின்சாரம், எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வந்து, ஓட்டுநரின் முன்னுள்ள விளக்கு ஸ்விட்சுக்குப் போய், அங்கிருந்து தரையில் காலால் மிதிக்கும் டிம்மர் ஸ்விட்சுக்கு இறங்கி, மறுபடியும் எஞ்சின் அறையைக் கடந்து விளக்கை அடைந்தது. அந்நாளில் அமெரிக்க வண்டிகள் பெரும்பாலானவற்றில் அமைப்பு இதுவே. இருபது அடி சுற்றிவரும் இந்தப் பாதையில் ஒன்றரை வோல்ட் குறைந்துபோவது அரிதன்று. சாதாரண இழை விளக்கில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி பத்தில் மூன்று பங்கு குறையும். பழைய வண்டியின் விளக்கு மங்கலாகத்தான் எரியும் என்று பலர் எண்ணிக்கொண்டிருப்பது விளக்கின் குற்றத்தால் அன்று. வழியிலே கொள்ளை போவதால்தான்.

இனி நோய்களைப் பார்ப்போம். பழைய வயரிங்குக்கு வரும் நோய்கள் நான்கு.

முதலாவது முதுமை. கம்பியின்மேல் உள்ள பி.வி.சி. உறை புதிதாய் இருக்கையில் வளைந்துகொடுக்கும். அதை வளையச் செய்கின்ற எண்ணெய் போன்ற பொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல, குறிப்பாக எஞ்சினின் வெப்பத்தில், வெளியேறிவிடுகிறது. பிறகு உறை ஓடுபோல் விறைத்து, வளைத்தால் உதிர்கிறது. உள்ளிருக்கும் செம்பும் கறுத்துப்போகிறது.

இரண்டாவது இணைப்புகளின் தேய்வு. எஞ்சின் அறைக்கும் மனிதர் உட்காரும் அறைக்கும் இடையே ஒரு தகட்டுச் சுவர் உண்டு. அந்தச் சுவரில் பொருத்திய பெரிய கனெக்டரின் வழியாகவே கம்பிகளெல்லாம் உள்ளும் புறமும் செல்கின்றன. ஈரமும் வெப்பமும் அதிர்ச்சியும் அங்கே நாள்தோறும் வேலை செய்கின்றன. நாக்கு போன்ற தகடுகள் தளர்கின்றன; தளர்ந்த இடம் சுடுகிறது; சுட்ட இடம் மேலும் தளர்கிறது.

மூன்றாவது எர்த் கெடுதல். பாட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் பாட்டரிக்கே திரும்பவேண்டும். இவ்வண்டிகளில் திரும்பும் வழி வண்டியின் இரும்புடலே. ஆனால் எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், எஞ்சினையும் உடலையும் ஒரு பின்னல் பட்டையால் இணைத்திருப்பார்கள். வண்டியைப் பிரித்துப் புதுப்பிப்பவர் அந்தப் பட்டையைத் திரும்பப் போட மறந்தால், மின்னோட்டம் திரும்ப வழி தேடி, ஆக்ஸிலரேட்டர் கேபிளிலோ ஸ்பீடாமீட்டர் கேபிளிலோ பாய்ந்து அதைச் சுட்டுவிடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அழகாகப் பெயிண்ட் அடித்த வண்டிகளில்தான் எர்த் கோளாறு மிகுதி. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. வளையமும் திருகும் அமரும் இடங்களில் பெயிண்ட் படிந்துவிட்டால், கண்ணுக்குப் பளபளப்பு, விளக்குக்கு இருட்டு.

நான்காவதும் கொடியதுமான நோய் மனிதர் கைவேலை. ஐம்பது, அறுபது ஆண்டுகளில் ஒரு வண்டி பல உரிமையாளர்களைக் கண்டிருக்கும். ஒருவர் டேப் ரிக்கார்டர் பொருத்தியிருப்பார். ஒருவர் மூடுபனி விளக்கு வைத்திருப்பார். ஒருவர் திருட்டு மணி மாட்டியிருப்பார். கம்பியைச் சுரண்டி, முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருப்பார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வேலை முடிந்தது என்று மகிழ்ந்தார்கள். மொத்தச் சுமை எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

மிச்சிகன் மாநிலத்தில் ஒரு சிறு பட்டறையில் நான் பணிபுரிந்த ஆண்டுகளில் இந்த நான்காம் நோயின் முற்றிய நிலையைக் கண்டேன். 1969-ஆம் ஆண்டு வண்டி ஒன்று. கொண்டுவந்தவருடைய தந்தை அதைப் புதிதாக வாங்கியவர். தந்தை கைபட்ட பொருளாக மகனிடம் எஞ்சியிருந்தது அது ஒன்றே. யாரோ ஒருவர் மின்சார விசிறியைப் பொருத்தி, அதற்குரிய மின்சாரத்தைப் பழைய பியூஸ் பெட்டியிலிருந்தே எடுத்துவிட்டார். 20 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போயிற்று. அதனால் 30 போட்டார்கள். அதுவும் போகவே, சிகரெட்டு அட்டையின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி மாட்டிவிட்டார்கள். அதன்பின் பியூஸ் போகவில்லை. கம்பி போயிற்று. டாஷ்போர்டின் பின்னால் ஒன்றரை அடி நீளத்துக்கு உறை உருகி, பக்கத்துக் கம்பிகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கருகல் வாடை வந்தவுடன் அவர் வண்டியை நிறுத்திப் பாட்டரியைக் கழற்றிவிட்டமையால் வண்டி பிழைத்தது. அந்தக் கற்றையை நான் மேஜைமேல் விரித்துக் காட்டியபோது அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "விசிறிக்குத்தானே பியூஸ்? விசிறி நன்றாகத்தானே ஓடிற்று?" என்று கேட்டார்.

அவர் கேள்வி பலருக்கும் உள்ள மயக்கமே. பியூஸ் காப்பது விசிறியை அன்று, விளக்கை அன்று, கம்பியைத்தான். இந்தக் கம்பி எவ்வளவு தாங்கும் என்று பார்த்துத்தான் பியூஸின் அளவைக் குறித்திருக்கிறார்கள். பியூஸ் போனால், 'சுமை மிகுந்துவிட்டது, அல்லது எங்கோ கம்பி உடலில் படுகிறது' என்று அது நமக்குச் சொல்கிறது. சொல்பவன் வாயை அடைத்துவிட்டால் செய்தி பொய்யாகிவிடாது. பியூஸைப் பெரிதாக்க விரும்புபவர் முதலில் கம்பியைத் தடிமனாக்க வேண்டும்.

பழுது பார்க்கும் முறைக்கு வருவோம். வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றவேண்டும். அதையே முதலில் கழற்றுவது ஏன்? பாஸிட்டிவ் முனையைக் கழற்றும்போது ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். நெகட்டிவை முன்பே பிரித்துவிட்டால் அந்த அச்சமில்லை. திரும்பப் பூட்டும்போது நெகட்டிவைக் கடைசியில் பூட்டவேண்டும்.

அடுத்தது, அந்த ஆண்டுக்கும் அந்த மாதிரிக்கும் உரிய தொழிற்சாலை வயரிங் படத்தைக் கையில் வைத்துக்கொள்ளுதல். அந்நாளில் கம்பியின் நிறங்களை ஓர் ஒழுங்கோடு வகுத்திருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் ஊதாக் கம்பி செல்ஃப் மோட்டாருக்கு, இளஞ்சிவப்பு இக்னிஷனுக்கு, பழுப்பு பின்விளக்குக்கு, இளம்பச்சை ஹெட்லைட்டின் உயர்ந்த ஒளிக்கு, மரநிறம் தாழ்ந்த ஒளிக்கு. நிறத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கம்பிக் கற்றை ஒரு புத்தகம். பழுது பார்க்கும்போதும் அதே நிறக் கம்பியையே போடவேண்டும். நமக்குப் பின் வருபவரும் அந்தப் புத்தகத்தைப் படிக்கவேண்டும் அல்லவா?

கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, பலர் கம்பியின் தடையை ஓம்மீட்டரால் அளக்கிறார்கள். பத்தொன்பது இழைகளில் பதினெட்டு அறுந்துபோய் ஓரிழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம்மீட்டர் 'நலம்' என்றே காட்டிவிடக்கூடும். ஆகவே சுமையோடு சோதிக்கவேண்டும். விளக்கை எரியவிட்டு, வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் பாஸிட்டிவிலும் மறுமுனையை விளக்குக்கு வரும் கம்பியிலும் வைத்தால், வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்பது நேராகத் தெரியும். மொத்தம் அரை வோல்ட்டுக்கு மேற்பட்டால் அந்த வழியைத் துண்டு துண்டாக அளந்து திருடனைப் பிடிக்கவேண்டும் என்பது பட்டறைகளில் வழங்கும் கணக்கு. எர்த் பக்கத்தையும் இவ்வாறே பாட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து அளக்கவேண்டும். அங்கே பத்தில் ஒரு வோல்ட், இரண்டுக்குமேல் இருத்தல் கூடாது. இந்தச் சோதனை அரைமணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஆல்டர்னேட்டரையும் விளக்கையும் மாற்றிப் பணத்தைச் செலவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கெட்ட கம்பியைக் கண்டுபிடித்தபின், பளபளக்கும் செம்பு தோன்றும்வரை பின்னோக்கி வெட்டிவிட்டுப் புதுக்கம்பியை இணைக்கவேண்டும். புதுக்கம்பி மெல்லிய இழைகள் பல சேர்ந்ததாக இருக்கவேண்டும். வீட்டுச் சுவரில் போடும் ஒற்றைத் தண்டுக் கம்பி அதிர்ச்சியில் ஒடிந்துவிடும். உறையும் வெப்பம் தாங்குவதாய் இருத்தல் நன்று. பழைய பி.வி.சி. உறை ஏறத்தாழ 80 டிகிரி சென்டிகிரேட் வரை தாங்குவது. இப்போது மோட்டார் வண்டிக்கென்று கிடைக்கும் குறுக்கிணைப்புப் பாலிதீன் உறை 125 டிகிரி வரை தாங்கும்.

கம்பியை முனையோடு சேர்ப்பதற்கு ஈயப் பற்று நல்லதா, லக்கில் வைத்து நசுக்கிப் பிடிப்பது நல்லதா என்ற வாதம் நெடுநாளாக உண்டு. இரண்டும் ஒழுங்காகச் செய்தால் நிற்கும். ஆனால் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி, சிறிது தூரம் கம்பியைக் குச்சிபோல் விறைக்கச் செய்கிறது. விறைப்பு முடியும் இடத்தில், ஓடும் வண்டியின் அதிர்ச்சியால் கம்பி ஒடியும். தொழிற்சாலைகள் நசுக்கும் முறையையே கையாள்வதற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குத் தகுந்த கருவி வேண்டும்; சாதாரணக் குறட்டால் நசுக்கியது பிடிப்பல்ல. இணைத்தபின், சூடு காட்டினால் சுருங்கும் குழாயை மேலே போர்த்தவேண்டும். முறுக்கி டேப் சுற்றுவதும், உறையைக் கத்தியால் கடித்துப் பிடிக்கும் கிளிப்பை மாட்டுவதும் வேலையாகா.

இனித் திருத்தியமைத்தல். இதற்கு ஒரே விதிதான் உண்டு: புதிய சுமைக்குப் புதிய வழி. பழைய கம்பி கட்டளையைக் கொண்டுபோகட்டும்; பாரத்தை வேறொரு கம்பி சுமக்கட்டும்.

இதற்குக் கருவியாக அமைவது ரிலே. அதனுள் ஒரு சிறு மின்காந்தம் உண்டு. ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் அதற்குப் போதும். அது இழுத்தவுடன், 30 ஆம்பியர் தாங்கும் தொடுமுனை மூடிக்கொள்கிறது. ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலேக்களை முன்புறம் வைத்து, பாட்டரிப் பக்கத்திலிருந்து தடித்த கம்பி ஒன்றைப் பியூஸோடு அவற்றுக்குக் கொண்டுவந்தால், இருபதடிப் பாதை சில அடிகளாகச் சுருங்குகிறது. பழைய ஸ்விட்சும் கால் ஸ்விட்சும் இருந்த இடத்திலேயே இருக்கும். ரிலேக்குக் கட்டளை மட்டும் அனுப்பும். அவற்றின் ஆயுளும் கூடும், ஒளியும் கூடும். விசிறிக்கும் பம்புக்கும் இதே முறை. இரு பக்க விளக்குகளுக்கும் தனித்தனிப் பியூஸ் வைத்தல் வேண்டும். இரவில் ஒரு பியூஸ் போனால் இரண்டு கண்ணும் ஒருங்கே அவியக்கூடாது.

கம்பியின் பருமனைக் குறிக்கும் அமெரிக்க 'கேஜ்' எண் விசித்திரமானது. எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும். ஆறு எண் இறங்கினால் விட்டம் இரு மடங்காகும். 16-ஆம் எண் கம்பி ஆயிரம் அடிக்கு நான்கு ஓம் தடையுள்ளது. 10-ஆம் எண் கம்பி ஒரே ஓம். இருபது அடி நீளத்தில் 9 ஆம்பியர் ஓடினால், முன்னதில் முக்கால் வோல்ட் தொலையும்; பின்னதில் ஐந்தில் ஒரு வோல்ட்டும் தொலையாது.

ஆல்டர்னேட்டரை 100 ஆம்பியருக்கு உயர்த்துபவர் முதலில் மாற்றவேண்டியது அதிலிருந்து பாட்டரிக்குச் செல்லும் கம்பியை. தொழிற்சாலை போட்ட 10 அல்லது 12-ஆம் எண் கம்பியோடு பெரிய ஆல்டர்னேட்டரைச் சேர்ப்பது ஆபத்து. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. பாட்டரி முற்றும் வறண்டு, அடுத்த வண்டியின் உதவியால் எஞ்சினைக் கிளப்பிய நாளில், வறண்ட பாட்டரி கிடைத்ததையெல்லாம் உறிஞ்சும். அன்று அந்தக் கம்பி பழுக்கும். ஆகவே 4 அல்லது 6-ஆம் எண் கம்பியைத் தக்க பியூஸோடு போடவேண்டும்.

இங்கே கிறைஸ்லர் நிறுவனத்து வண்டிகளைத் தனியே கூறவேண்டும். ஆல்டர்னேட்டரை 1960-ஆம் ஆண்டு வேலியன்ட் வண்டியிலேயே கொண்டுவந்து, மற்ற இரு பெரிய நிறுவனங்களுக்கும் முந்திக்கொண்ட நிறுவனம் அது. அதன் டாட்ஜ், பிளிமத் வண்டிகளில் டாஷ்போர்டில் ஓர் ஆம்மீட்டர் உண்டு. பாட்டரிக்குள் செல்வதும் பாட்டரியிலிருந்து வருவதுமான மின்சாரம், செல்ஃப் மோட்டாருக்குரியது நீங்கலாக முழுவதும், தகட்டுச் சுவரின் கனெக்டரைக் கடந்து உள்ளே போய், அந்த ஆம்மீட்டருக்குள் நேராகப் பாய்ந்து, பாட்டரியை அடையுமாறு அமைத்திருந்தார்கள். வண்டி புதிதாயிருந்தபோது இது நன்றாகவே வேலை செய்தது. ஏனெனில் விளக்கு முதலிய சுமைகளை ஆல்டர்னேட்டர் பக்கத்திலேயே இணைத்திருந்தமையால், பாட்டரி நிறைந்தபின் ஆம்மீட்டரில் ஓடும் மின்சாரம் மிகச் சொற்பம். பிற்காலத்து உரிமையாளர்களோ புதிய விசிறியையும் ஒலிபெருக்கியையும் வசதி கருதிப் பாட்டரி முனையிலேயே மாட்டினார்கள். அவற்றுக்கு வேண்டிய மின்சாரம் ஆல்டர்னேட்டரில் பிறந்து, சுவரைக் கடந்து, ஆம்மீட்டருக்குள் நுழைந்து, மறுபடியும் சுவரைக் கடந்து வரவேண்டியதாயிற்று. களிம்பேறிய கனெக்டர்கள் உருகுவதற்கு வேறு என்ன வேண்டும்? ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிப் பக்கத்துக்குத் தடித்த கம்பி ஒன்றை நேராக, அதற்குரிய பாதுகாப்போடு இடுவதும், ஆம்மீட்டரை நீக்கி அதன் இரு கம்பிகளையும் ஒன்றாக இறுக்கிவிட்டு வோல்ட்மீட்டர் வைப்பதும் இதற்குப் பரிகாரம். ஆம்மீட்டரின் முகத்தை மாற்றாமலே உள்ளே வோல்ட்மீட்டர் அமைத்துத் தருவோரும் இருக்கிறார்கள்.

பாதுகாப்பு என்று சொன்னது பியூஸை மட்டுமன்று. இவ்வண்டிகள் பலவற்றின் முதற்கம்பியில் உருகு கம்பித் துண்டு ஒன்று உண்டு. அது காக்கவேண்டிய கம்பியைவிட நான்கு எண் மெல்லியது. தீப்பற்றாத தனி உறை உடையது. பெரும் கோளாறு வந்தால் தான் உருகிக் கற்றையைக் காக்கும். அதைத் 'தொந்தரவு' என்று நீக்கிச் சாதாரணக் கம்பியைப் போடுவது, வீட்டுக் கதவைக் கழற்றிவிட்டு உறங்குவதற்கு ஒப்பாகும்.

சிறு பொருள்களை மாற்றும்போதும் அவை எதை நம்பி வேலை செய்தன என்பதை அறியவேண்டும். பழைய இக்னிஷனில், காயிலுக்குச் செல்லும் மின்னழுத்தத்தைக் குறைப்பதற்கென்றே ஒரு தடைக் கம்பியோ பீங்கான் தடையோ வைத்திருப்பார்கள். முழு 12 வோல்ட் கேட்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷனை அதே கம்பியில் மாட்டினால் எஞ்சின் தடுமாறும். பழைய திருப்பு விளக்கின் மினுக்கி, விளக்கு இழுக்கும் மின்சாரத்தால் சூடேறித்தான் மினுக்கும். சிறிதளவே மின்சாரம் உண்ணும் எல்.இ.டி. பல்புகளைப் போட்டால் அது மினுக்க மறுக்கும். எலெக்ட்ரானிக் மினுக்கி வேண்டும். சில வண்டிகளில் டாஷ்போர்டின் எச்சரிக்கை பல்பு வழியே செல்லும் சிறு மின்சாரந்தான் ஆல்டர்னேட்டரை எழுப்புகிறது. அங்கே எல்.இ.டி.யைப் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டரைக் குறைகூறுவோர் உண்டு.

இவ்வளவும் கேட்ட பிறகு, அசலை விரும்பும் அன்பர் ஒருவர் எழுந்து, "அந்த வண்டியின் பெருமையே அது தொழிற்சாலையை விட்டு வந்தபடி இருப்பதல்லவா? ரிலேயும் புதுக்கம்பியும் புகுத்தினால் அது பழைய வண்டி ஆகுமா?" என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. கண்காட்சிகளில் நடுவர்கள் கம்பியின் நிறத்தையும் டேப் சுற்றிய விதத்தையும்கூடப் பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். கண்காட்சிக்கு மட்டும் செல்லும் வண்டிக்கு, அசல் அளவிலும் நிறத்திலும் புதிதாகச் செய்து விற்கப்படும் கம்பிக் கற்றையைப் போட்டு, புதிய சுமை எதையும் ஏற்றாதிருத்தலே சரியான வழி. அப்படிச் செய்தால் பழைய அமைப்பு இன்றும் நம்பத்தக்கதே.

ஆனால் சாலையில் ஓடும் வண்டியின் நிலை வேறு. டெட்ராய்ட் வட்டாரத்து உட்வர்டு அவென்யூவில் 1995-ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டு மாதத்தில் பழைய வண்டிகளின் பேரணி நடந்துவருகிறது. 1960-களில் இளைஞர்கள் ஒருவரோடொருவர் பந்தயம் விட்ட அதே சாலையில், இன்று ஆயிரக்கணக்கான வண்டிகள் ஆகஸ்டு வெயிலில் ஆமைபோல் ஊர்கின்றன. கம்பிகளுக்குக் கடுஞ்சோதனை வேகத்தில் இல்லை, இந்த ஊர்தலில்தான் உள்ளது. எஞ்சின் மெல்லச் சுழல்வதால் ஆல்டர்னேட்டர் குறைவாகத் தரும். விசிறியோ முழு மூச்சாக இழுக்கும். காற்றோட்டமின்றி எஞ்சின் அறை கொதிக்கும். அந்த வண்டிக்குள் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. பின்னிருக்கையில் குழந்தைகள் இருக்கிறார்கள். முன்னே இரண்டு கதவு மட்டுமே உள்ள வண்டி அது. அங்கே அசலைப் பற்றிய வாதம் எடுபடாது.

இரண்டு விருப்பங்களையும் இசைவிக்கவும் வழியுண்டு. ரிலேக்களைக் கண்ணில் படாத இடத்தில் மறைத்துவைக்கலாம். புதுக்கம்பிகளை அக்காலத்து முறையில் டேப் சுற்றிப் பழைய கற்றையோடு அணையவிடலாம். பழைய கம்பி ஒன்றையும் வெட்டாமல், கனெக்டர்களின் வழியே மட்டும் சேர்த்தால், வேண்டும்போது எல்லாவற்றையும் நீக்கி அசல் நிலைக்குத் திரும்பலாம். செய்த மாற்றங்களை ஒரு தாளில் படமாக வரைந்து, நிறத்தையும் பியூஸ் அளவையும் குறித்து, கையுறைப் பெட்டியில் வைத்துவிடவேண்டும். அந்த ஒரு தாள் இல்லாமையால் எத்தனையோ நல்ல வேலைகள் அடுத்த உரிமையாளரின் கையில் கெட்டுப்போயிருக்கின்றன.

எங்கே தொடங்குவது என்று தயங்குபவருக்கு ஒரு வரிசை சொல்லி முடிக்கிறேன். முதலில் எர்த் இணைப்புகள் அனைத்தையும் கழற்றி, இரும்பு தெரியச் சுரண்டி, இறுக்குங்கள். இதற்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டாவது, தகட்டுச் சுவரின் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். கருகல் கண்டால் அது அடங்கும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். மூன்றாவது, பியூஸ் பெட்டியில் ஒவ்வொரு பியூஸும் குறித்த அளவில் உள்ளதா என்று பாருங்கள். நான்காவது, முன்னாள் உரிமையாளர்கள் சேர்த்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்துபோய், பயனில்லாதவற்றை நீக்குங்கள். அதன்பின் ஆல்டர்னேட்டர்க் கம்பி, அதன்பின் ஹெட்லைட் ரிலே. இவ்வளவும் முடிந்த பிறகே புதிய அணிகலன்களை எண்ணிப் பாருங்கள். வண்டியில் ஒரு தீயணைப்புக் குப்பியும், பாட்டரியை ஒரே திருப்பில் துண்டிக்கும் ஸ்விட்சும் இருக்கட்டும். ஆனால் எஞ்சின் ஓடும்போது அந்த ஸ்விட்சைத் திருப்பினால் ஆல்டர்னேட்டர் கெடக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். புகை கண்ட வேளையில் மட்டும் ஆல்டர்னேட்டரைப் பற்றிக் கவலைப்படவேண்டாம்.

எஞ்சினுக்காக ஆயிரமாயிரமாகச் செலவிடும் அன்பர்கள், அதில் ஒரு சிறு பங்கையும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளையும் கம்பிகளுக்கென்று ஒதுக்கினால் போதும். வண்டி அடுத்த தலைமுறைக்கும் ஓடிக் காட்டும்.